மயில் கொஞ்சம் சாய்ந்தது

என் அருமை மகனே,

நம் தீவின் பீட்டர் போத் மலையின் தலையில் உட்கார்ந்திருக்கும் அந்த உருண்டைக் கல்லின் மேல் ஆணையாகச் சொல்கிறேன். ஈரேழு பதினான்கு உலகத்திலும், வக்குவாச் சந்தையில் வெள்ளரிக்காய் விற்கிற கிழவிகள் உட்பட, ஒருவரும் நம்ப முடியாத ஒரு கதையை உனக்கு எழுதப் போகிறேன். இதில் ஒரு சொல் பொய்யானாலும் அந்தக் கல் உருண்டு வந்து என் தையல் மிஷின் மேல் விழட்டும். இதே சத்தியத்தை நான் இதற்கு முன் ஆயிரம் தடவை செய்திருக்கிறேன். கல் இன்னும் மேலேதான் இருக்கிறது. மலைக்குக் காது மந்தம் என்பதைத் தவிர எனக்கு வேறு காரணம் தோன்றவில்லை.

தமிழில் எழுதுகிறானே என்று ஆச்சரியப்படாதே. தமிழ் வாசிக்கிறவர்கள் அரிதான நம் டிராங்கெபார் தெருவில் தமிழில் எழுதுவது பூட்டுப் போட்ட பெட்டியில் வைப்பதற்குச் சமம். கோயில் வகுப்பில் உன் காதைத் திருகித் திருகி எழுத்துச் சொல்லிக் கொடுக்க வைத்தது இந்த ஒரு கடிதத்துக்காகத்தானோ என்று இப்போது நினைக்கிறேன். நாம் வீட்டில் கிரியோலில் பேசியதை எல்லாம் இங்கே தமிழாக்கித்தான் எழுத முடியும். அப்படி எழுதும்போது என் பேச்சு கொஞ்சம் யோக்கியமாகத் தெரிந்தால் அது மொழியின் குற்றம்.

போன ஞாயிற்றுக்கிழமை சாப்பாட்டில் நீ கேட்டாய். இங்கிலாந்து ஆஸ்பத்திரியில் எந்த வார்டில் வேலை என்று கடிதம் வந்துவிட்டது, வாய், தொண்டை, கழுத்துப் புற்றுநோய்க்காரர்களைப் பார்த்துக்கொள்கிற வார்டு என்று சொல்லிவிட்டு, சோற்றில் கை வைத்தபடியே கேட்டாய். "பாப்பா, அப்பா வாயில இருந்த புண்ணைத் தெருவே பார்த்திருக்கு. அப்புறம் ஏன் அவ்வளவு லேட்டா ஆஸ்பத்திரிக்குப் போனாங்க?" நான் உடனே, கப்பல் கிடைக்கவில்லை, கடைசியில் நானும் உன் அப்பாவும் ஒரு திமிங்கிலத்தின் முதுகில் ஏறித்தான் மதராஸ் போனோம், அதுவும் பாதி வழியில் கொழும்பில் இறங்கித் தேநீர் குடிக்க வேண்டும் என்று அடம் பிடித்தது என்றேன். நீ சிரித்தாய். உன் அம்மா சிரிக்கவில்லை. எழுந்து போய்க் கழுவின பாத்திரத்தையே மறுபடி கழுவினாள். அந்தச் சத்தம் எனக்குத் திமிங்கிலத்தின் சத்தத்தைவிடப் பெரிதாகக் கேட்டது. அதனால் இந்தக் கடிதம். நீ கேட்ட கேள்விக்குப் பதில் நான்தான். லேட்டாகப் போனதற்குக் காரணம் உன் சித்தப்பா. உன்னை வளர்த்தவன். நீ பாப்பா என்று கூப்பிடுகிறவன்.

அந்தச் சொல்லை வைத்து இந்தியாவிலிருந்து வந்த குருக்கள் ஒரு நாள் விழுந்து விழுந்து சிரித்தது நினைவிருக்கிறதா? நீ அப்போது மீசை முளைத்த பையன். கோயில் வாசலில் நின்று "பாப்பா, பாப்பா" என்று என்னைக் கூப்பிடுகிறாய். அவர் சுற்றும் முற்றும் கைக்குழந்தையைத் தேடுகிறார். கிரியோலில் பாப்பா என்றால் அப்பா என்று நான் விளக்கினதும், "இவ்வளவு பெரிய பாப்பாவை நான் எங்கேயும் பார்த்ததில்லை" என்றார். உன் அப்பா உயிரோடு இருந்தவரை நீ என்னைத் தொந்தோன் என்றுதான் கூப்பிட்டாய், எல்லாப் பிள்ளைகளும் சித்தப்பனைக் கூப்பிடுவது போல. அவன் போன பிறகு ஒரு நாள், நான் உனக்குப் பள்ளிக்கூடக் கால்சட்டை அளவெடுத்துக்கொண்டிருந்தபோது, நீ தெரியாமல் பாப்பா என்றாய். திருத்திக்கொள்ளவில்லை. நானும் திருத்தவில்லை. அந்தக் கால்சட்டையை இடுப்பில் பெரிதாக வெட்டிவிட்டேன், உனக்கு ஞாபகம் இருக்கும். கண் சரியாகத் தெரியவில்லை அன்றைக்கு.

உன் அப்பாவைப் பற்றி நீ கேட்டதெல்லாம் என் வாயால் கேட்டது. அவன் துறைமுகத்தில் சர்க்கரை மூட்டை தூக்கினவன். தொழிலாளர் கொந்தளிப்புக் காலத்தில் அவன் போட்ட ஒரு கோஷத்தில், துறைமுகத்தில் நின்ற கப்பல் ஒன்று பயந்து நங்கூரத்தைப் பிடுங்கிக்கொண்டு ரெயூனியன் தீவு வரை ஓடிவிட்டது என்று சொல்லியிருக்கிறேன். கப்பல் ஓடவில்லை. ஆனால் குரல் அப்படி. தைப்பூசத்தில் காவடிப் பாட்டு எடுத்தால் முன்னால் போகிறவனுக்கும் கடைசியில் வருகிறவனுக்கும் ஒரே மாதிரி கேட்கும். நான் தம்பி. எனக்குக் குரல் கிடையாது. வாய் மட்டும்தான் உண்டு. அவன் பாடும்போது என் பக்கம் யாரும் திரும்ப மாட்டார்கள். இதை நான் சும்மா சொல்லவில்லை, மகனே. பின்னால் வேண்டியிருக்கும்.

நீ சிறுவனாக இருந்தபோது ஒரு தைப்பூசத்தில் அவன் நாக்கில் வேல் குத்திக்கொண்டு காவடி எடுத்தான். ரோஜா நிற வேட்டி நான் தைத்துக் கொடுத்தது. விரதம், மௌனம், எல்லாம் முறைப்படி. பால் செம்பைக் கோயிலில் திறந்தபோது பால் திரியவில்லை என்று தெருவே கொண்டாடியது. குத்தின இடம் திருநீறு வைத்ததும் ஆறிவிட்டது. ஆனால் கொஞ்ச நாள் கழித்து நாக்கின் ஓரத்தில் ஒரு வெள்ளைத் தழும்பு, அதன் நடுவில் அரிசி அளவு ஒரு புண். ஆறவும் இல்லை, பெருகவும் இல்லை. சும்மா இருந்தது. என் தையல்கடைக்கு வந்து கண்ணாடியில் நாக்கை நீட்டிப் பார்த்துவிட்டு, "தம்பி, இது என்னடா?" என்றான்.

கடையில் நாலைந்து பேர் இருந்தார்கள். நான் கத்தரிக்கோலைக் கீழே வைத்தேன். அன்றைக்கு அதைக் கையிலேயே வைத்திருந்திருக்கலாம். "என்ன அண்ணே, தெரியலையா? வேல் அடையாளம்! ஊர்ல எத்தனை பேர் குத்திக்கிறான், எவனுக்காவது நிக்குதா? உனக்கு நின்னிருக்கு. முருகன் முத்திரை போட்டுட்டான்" என்றேன். அண்ணன் சிரித்தான். பக்கத்தில் இருந்த மூட்டைத் தொழிலாளி ஒருவன் எழுந்து உற்றுப் பார்த்து, "வலிக்குதா?" என்று கேட்டான். "துளிகூட வலிக்கல" என்றான் அண்ணன். நான் விடுவேனா? "பார்த்தீங்களா! மனுஷன் போட்ட புண்ணு வலிக்கும். சாமி போட்ட புண்ணு எங்கேயாவது வலிக்குமா?"

அப்படித்தான் ஆரம்பித்தது. ஒரு வாரத்துக்குள் அந்தப் புண் வேல் வடிவத்துக்கு வந்துவிட்டது, என் வாயில். அதற்கு அடுத்த வாரம் வெள்ளிக்கிழமைகளில் மினுமினுக்கத் தொடங்கியது. கியூர்பிப்பிலிருந்து மழையில் நனைந்துகொண்டு ஒரு குடும்பம் வந்து அண்ணன் நாக்கைப் பார்த்துவிட்டுப் போனது. வந்தவர்கள் என் கடையில் உட்கார்ந்து கதை கேட்டார்கள். வாழ்க்கையில் முதல் தடவையாக அண்ணன் வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தான், நான் பேசினேன், எல்லோரும் என் பக்கம் திரும்பியிருந்தார்கள். இதற்கு மேல் காரணம் தேடாதே. நான் நிறையத் தேடிப் பார்த்துவிட்டேன், இதற்குப் பின்னால் வேறு எதுவும் ஒளிந்திருக்கவில்லை. பயமும் கொஞ்சம் இருந்தது. வாயில் புண்ணோடு ஆஸ்பத்திரிக்குப் போனவர்கள் திரும்பி வந்து பேசியதை அந்தக் காலத்தில் யாரும் பார்த்ததில்லை. அந்த நோயின் பெயரைக்கூடத் தெருவில் சொல்ல மாட்டார்கள். ஆனால் பயம் அண்ணனுக்குத்தான் இருந்தது. அவன் என் கதையைப் பிடித்துக்கொண்டதற்குப் பயம் காரணம். நான் சொன்னதற்குக் காரணம் சந்தோஷம்.

உன் அம்மா ஒருத்திதான் நம்பவில்லை. ஒரு மத்தியானம் கடைக்கு வந்து, அத்தனை பேர் முன்னால், முக்காட்டை இழுத்து விட்டுக்கொண்டு கேட்டாள்.

"கொழுந்தனாரே, ஒண்ணு கேக்கட்டுமா? வேல் நாக்கு நடுவுல தானே குத்தினாங்க?"

"ஆமா அண்ணி."

"புண்ணு ஓரத்துல இருக்கே?"

கடையில் எல்லோரும் என் பக்கம் திரும்பினார்கள். மகனே, அந்த இடத்தில் நான் வாயை மூடியிருந்தால் போதும். அண்ணி சொல்வது சரி என்று எனக்குத் தெரிந்தது, அவளுக்கும் அது தெரிந்தது. ஆனால் கேட்க ஆள் இருக்கும்போது எனக்குப் பதில் வராமல் போனதே கிடையாது. "முருகன் மயில் மேல உட்கார்ந்து இல்ல குத்தறார், அண்ணி? மயில் கொஞ்சம் சாஞ்சிருக்கும்!" என்றேன்.

சிரிப்பு என்றால் அப்படி ஒரு சிரிப்பு. கூரைத் தகரம் அதிர்ந்தது. அண்ணன் கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தான். ஒருவன், "ஆஸ்பத்திரி தொக்தேர்கிட்ட போய் சாமி போட்டதை அழிக்கச் சொல்லுவியா, அக்கா?" என்றான். உன் அம்மா நின்று பார்த்தாள், என்னை மட்டும். பிறகு போய்விட்டாள். அதற்கப்புறம் யார் அவளிடம் பேசினாலும், "மயில் எப்படி இருக்கு?" என்று கேட்கிற வழக்கம் தெருவில் வந்துவிட்டது. அவள் வாய் அடைபட்டது அப்படித்தான். அண்ணன் நோய்க்கு எது காரணம் என்று கேட்டால் டாக்டர்கள் சுருட்டையும் ரம்மையும் சொன்னார்கள். அதை நான் மறுக்க மாட்டேன். ஆனால் அந்த நோய்க்கு ஒரு வருஷம் இலவசமாகத் தங்க இடம் கொடுத்தது என் மயில்.

அடுத்த தைப்பூசம் வந்தது. அண்ணன் மறுபடி நாக்கில் குத்திக்கொள்ள உட்கார்ந்தான். பாட்டு ஒத்திகையிலேயே 'முருகா' என்பது 'முயுகா' என்று வந்தது, அதற்கும் நான் ஏதோ சொன்னேன், எல்லோரும் சிரித்தார்கள். பூசாரி வேலைக் கையில் எடுத்து, நாக்கைப் பிடித்து வெளியே இழுத்தார். நாக்கு வரவில்லை. பக்கவாட்டில் மரக்கட்டை மாதிரி இறுகியிருந்தது. அவர் வேலைத் தட்டில் வைத்துவிட்டார். "இதுல நான் குத்த மாட்டேன். தொக்தேர்கிட்ட காட்டு" என்றார். நான் வாயைத் திறந்தேன். பூசாரி என்னைத் திரும்பிப் பார்த்து, "நீ பேசாதே" என்றார். கூட்டத்திலிருந்து உன் அம்மா வந்து அண்ணன் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போனாள், ரோஜா நிற வேட்டியோடேயே, ஆஸ்பத்திரிக்கு.

இங்கே முதலில் ஒரு நீல மருந்து தடவினார்கள். அதற்குமேல் இங்கே எதுவும் இல்லை, மதராஸில் ரேடியம் என்று ஒன்று இருக்கிறது என்றார்கள். துறைமுகத்து நண்பர்கள் பிடித்துக் கொடுத்த கப்பலில் மேல்தளத்தில் படுத்துக்கொண்டு நானும் அவனும் போனோம். திமிங்கிலத்தை நாங்கள் பார்க்கக்கூட இல்லை. மதராஸ் ஆஸ்பத்திரியில் நான் பெரிய தமிழ் அறிஞன் மாதிரி நர்ஸிடம், "அம்மா, இவருக்கு லாலாங்கில் புண்" என்றேன். "லாலா யாருங்க? மிட்டாய்க்கடைக்காரரா?" என்றாள். லாலாங் என்றால் நாக்கு என்பதும், அந்தச் சொல் தமிழே இல்லை என்பதும் எனக்கு அந்த வயதில்தான் தெரிந்தது. அண்ணன் சிரிக்க முயன்றான்.

டாக்டர் விரலால் தடவிப் பார்த்துவிட்டு, "எவ்வளவு நாளா இருக்கு?" என்றார்.

"ஒரு மாசம் இருக்கும்" என்றேன் நான். கேட்டுக்கொள், அங்கேயும் நான் பொய் சொன்னேன்.

அண்ணன் என் கையைத் தட்டிவிட்டு, சிரமப்பட்டுச் சொன்னான். "போன வருஷக் காவடியிலேர்ந்து."

டாக்டர் காவடி எந்த மாதம் என்று கணக்குப் போட்டார். அவர் முகம் மாறியது. என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் அதை வைத்து ஒரு கதை கட்டியிருப்பேன்.

ரேடியத்தைப் பற்றி உனக்கு நான் என்ன சொல்லியிருக்கிறேன்? உன் அப்பா வாயைத் திறந்தால் வார்டில் விளக்குத் தேவையில்லை, கொசுக்கள் கண் கூசிச் சுவரில் முட்டிக்கொண்டு செத்தன என்று. வெளிச்சம் எதுவும் வரவில்லை. ரேடியம் உள்ளே இருக்கிற ஊசிகள். ஒவ்வொன்றிலும் காது, காதில் நூல். நாக்கில் வரிசையாகக் குத்தி, நூல்களை வாய்க்கு வெளியே எடுத்துக் கன்னத்தில் ஒட்டியிருந்தார்கள், எதுவும் உள்ளே போய்விடாமல். நான் தையல்காரன், மகனே. ஆயிரக்கணக்கான ஊசிகளில் நூல் கோத்தவன். என் அண்ணன் நாக்கிலிருந்து தொங்கின நூல்களை என்னால் பார்க்க முடியவில்லை. ஒரு வாரம் போல அப்படியே கிடந்தான். பக்கத்தில் போகக் கூடாது, வாசலில் நின்றுதான் பார்க்கலாம். நர்ஸே வேலையை முடித்துவிட்டு ஓடி வந்துவிடுவாள். நான் வாசலில் நின்று பார்த்தபோது அவன் படுத்தபடியே தோளை இப்படியும் அப்படியும் அசைத்தான். காவடி ஆட்டம். நாக்கில் ஊசி, பேசக் கூடாது, விரதச் சாப்பாடு. எல்லாம் பொருந்தியிருந்ததால் என்னைச் சிரிக்க வைக்கப் பார்த்தான். நான் சிரித்தேன். அவனுக்குத் தெரிகிற மாதிரி பலமாகச் சிரித்துவிட்டு, வராந்தாவில் போய் உட்கார்ந்துகொண்டேன்.

ஊசிகள் வேலை செய்தன. இதை உனக்கு அழுத்திச் சொல்ல வேண்டும். நாக்கு ஆறியது. ஊருக்குத் திரும்பிப் பேசினான், கொஞ்சம் கொழகொழவென்று. உன்னைத் தோளில் வைத்துக்கொண்டு ஷாம் தெ மார்ஸ் மைதானத்தில் குதிரைப் பந்தயம் காட்டினது அந்த நாட்களில்தான். ஊர் மறுபடி என் கடைக்கு வந்தது. நான் ரேடியத்தைக் கதையாக்கினேன். பிறகு ஒரு நாள் சட்டைக்கு அளவெடுக்கும்போது, அவன் கழுத்துப் பட்டைக்குக் கீழே என் விரலில் ஒரு முடிச்சு தட்டுப்பட்டது. கோலிக்குண்டு போல. "வலிக்குதா அண்ணே?" என்றேன். "இல்ல" என்றான். வலிக்காததுதான் ஆபத்து என்று மதராஸில் கற்றிருந்தேன், இந்தத் தடவை நான் கடையைப் பூட்டிவிட்டு அவனோடு நடந்தேன்.

மறுபடி மதராஸ் போய்ச் சேர்ந்தபோது அங்கே காலம் மாறியிருந்தது. கழுத்தின் ஒரு பக்கத்தைத் திறந்து, முடிச்சுகளையும் அவற்றைச் சுற்றி இருந்த சதையையும் எடுத்தார்கள். பிறகு ஊசி இல்லை, நூல் இல்லை. கோபால்ட் என்று ஒரு பெரிய இயந்திரம். அதன் கீழே படுத்தால் போதும், கண்ணுக்குத் தெரியாத ஒன்று உள்ளே போய்ச் சுடுகிறது. அது புதிதாக வந்தது, இன்னும் சில வருஷங்களில் இன்னும் கூர்மையாகும் என்று டாக்டர் ஆசையோடு சொன்னார். நீ போகிற இடத்தில் அதைவிட நல்லது இருக்கும். அண்ணனுக்கு எச்சில் வற்றிப்போனது. தால் பூரியைத் தண்ணீரில் ஊற வைத்துத் தின்றான். நான் டாக்டரைத் தனியாகப் பிடித்துக் கேட்டேன். நாக்கிலிருந்து கழுத்துக்கு அது எப்போது இறங்கியிருக்கும் என்று. "முதல் தடவை நீங்க வரதுக்கு முன்னாடியே விதை விழுந்திருக்கலாம். புண் சின்னதா இருக்கும்போதே ஊசி போட்டிருந்தா, ஊசியோட போயிருக்க வாய்ப்பு உண்டு" என்றார். வாய்ப்பு என்றுதான் சொன்னார். அந்தச் சொல்லுக்குள் ஒளிந்துகொள்ள நான் பல வருஷம் முயன்றிருக்கிறேன். இடம் போதவில்லை.

திரும்பி வருகிற கப்பலில், தளத்தில் உட்கார்ந்து கடலைப் பார்த்துக்கொண்டிருந்தோம். அண்ணன், "தம்பி" என்றான். "மயில் நேராத்தான் நின்னுச்சு." அறுவையில் ஒரு நரம்பு போய், அவன் உதட்டின் ஒரு பக்கம் கீழே இழுத்திருந்தது. அதனால் அவன் சிரித்தானா இல்லையா என்று எனக்குத் தெரியவில்லை. இன்று வரை தெரியவில்லை. எனக்குப் பதில் வராத ஒரே இடம் அது. ஊர் வந்து சேர்ந்து, அடுத்த கரும்பு வெட்டு முடிவதற்குள் போய்விட்டான். அதற்குமேல் உனக்கே தெரியும், நீ அங்கே இருந்தாய்.

உன் அம்மாவிடம் நான் ஒரு தடவைகூட மன்னிப்புக் கேட்டதில்லை. அவளும் ஒரு தடவைகூட மயில் என்ற சொல்லை என் முன்னால் சொன்னதில்லை. தினமும் எனக்குச் சோறு போடுகிறாள். இந்தக் கடிதத்தை உன்னிடம் கொடுப்பதற்கு முன், இன்று சாயங்காலம், அவளுக்குப் படித்துக் காட்டப் போகிறேன். அவளுக்குத் தமிழ் வாசிக்க வராது. நடுவில் எதையும் மாற்றிப் படிக்காமல் இருக்க எனக்குப் பலம் வேண்டும்.

இனி உனக்குப் புத்தி சொல்ல வேண்டிய இடம். அப்பனாக இருப்பவன் சொல்லியாக வேண்டுமாமே. உனக்குத் தைத்திருக்கும் கோட்டு கனமானது. கியூர்பிப் குளிரை நூறால் பெருக்கி, அதற்கு ஏற்றபடி தைத்திருக்கிறேன். தோள் கொஞ்சம் பெரிது, அங்கே நன்றாகச் சாப்பிட்டு நிரப்பிக்கொள். வார்டில் ஒருவன் வந்து வாயைத் திறந்தால், எத்தனை நாளாக என்று கேட்காதே, பொய் சொல்வான். பக்கத்தில் துணைக்கு வந்து நிற்கிறவன் அதைவிடப் பெரிய பொய் சொல்வான். திருவிழாவைச் சொல்லிக் கேள். போன கிறிஸ்துமஸுக்கு இது இருந்ததா என்று கேள். அப்போது உண்மை வரும். அப்புறம், கூட வந்தவர்களில் யாராவது ஒருத்தி மூலையில் பேசாமல் நின்றால், முதலில் அவளிடம் கேள்.

துறைமுகத்தில் உன்னை வழியனுப்ப நிற்பேன். கப்பல் ஏறும் முன் இதைப் படித்துவிடு. படித்த பிறகு நீ தொந்தோன் என்று கூப்பிட்டாலும் நான் திரும்பிப் பார்ப்பேன். ஒன்றும் சொல்லாமல் ஏறிவிட்டாலும் அதே இடத்தில்தான் நிற்பேன்.

ஆரம்பத்தில் ஆணையிட்டேனே, யாரும் நம்ப முடியாத கதை என்று. அந்தக் கதையை நான் டிராங்கெபார் முழுக்கச் சொல்லி முடித்துவிட்டேன். எல்லோரும் நம்பினார்கள். வேல் அடையாளம் பொய், வெள்ளிக்கிழமை மினுமினுப்பு பொய், மயில் சாய்ந்தது பொய். அதில் ஒரே ஒரு சின்ன விஷயம் மட்டும் நிஜம், மகனே.

அவனுக்கு வலிக்கவில்லை.